இரண்டு மஞ்சள் பொட்டு

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, ஓய்வுக்காலம் இனிதே அமையட்டும் என்று கைதட்டி அனுப்பி வைத்தார்கள். பக்கத்தில் நின்ற பழனிசாமி அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கும் அதே பொன்னாடை, அதே கடிகாரம். செக்கிங் மேஜையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமரா வைத்த மிஷினை இறக்கியதால், மேஜையில் இருந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு. அண்ணன் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து, "இனி நேரம் பாத்துட்டு எங்கடா போறது?" என்றார். "எனக்கு இன்னும் இருபத்தாறு வருசம் லீவு பாக்கி இருக்குதுங்கண்ணா, நான் யாரக் கேக்கறது?" என்றேன்.

இப்போது அந்த மிஷினைப் பார்த்துக்கொள்ளும் டிப்ளமோ பிள்ளைகள் கம்பெனி மலருக்காக என்னை விடாமல் கேட்கிறார்கள். "ஏனுங்க, அந்த ரெண்டு பொட்டுக் கதைய எழுதிக் குடுங்க" என்று. அவர்கள் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன். மூன்று முறை எழுதினால் ஒன்றிலாவது தேறிவிட வாய்ப்பு அதிகம் என்று நம்பியிருந்தேன். மூன்று முறையும் எழுதியது அதே ஆள்தான் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கணபதி பக்கத்தில், வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு செய்யும் கம்பெனி. முதல் வருடம் அட்டைப் பெட்டி மடித்தேன். அடுத்த வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றினேன். மூன்றாவது வருடம், இவனுக்கு வாய் அதிகம் என்று சொல்லி, பேச்சுக்கே இடமில்லாத செக்கிங் மேஜைக்குத் தள்ளினார்கள். அங்கே பழனிசாமி அண்ணன் முதல் ஆள், நான் இரண்டாவது ஆள்.

நாங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பச்சை ஒயரை. மோட்டாரின் பக்கவாட்டில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் எர்த் ஒயரை ஒரு ஸ்க்ரூவில் முடுக்கியிருப்பார்கள். மோட்டாருக்குள் ஈரம் இறங்கிக் கரண்ட் வெளிக்கூட்டுக்கு வந்துவிட்டால், அது தொடுகிறவர் உடம்புக்குப் போகாமல் மண்ணுக்குப் போவதற்கு உள்ள வழி அதுதான். முடுக்குகிற கருவி காற்றில் ஓடும். காற்று குறைந்தால் ஸ்க்ரூ பார்க்க நன்றாக உட்கார்ந்திருக்கும், ஆனால் பிடித்திருக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரூவுக்கு ஓர் அங்குலம் தள்ளி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒயரைப் பிடித்து, நம் பக்கமாக இழுத்து, பிறகு இடது பக்கம் லேசாகத் திருப்ப வேண்டும். பிடித்திருக்கும் ஒயர் விரலைத் திருப்பி இழுக்கும். தளர்ந்தது கேட்ட பக்கமெல்லாம் வரும். அண்ணன் இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சரியாக இருந்தால் தீக்குச்சியை மஞ்சள் பெயிண்டில் தொட்டு ஸ்க்ரூ மேல் ஒரு பொட்டு வைப்பார். மோட்டார் என்னிடம் நகரும். நான் அதையே செய்து, அவர் பொட்டுக்குப் பக்கத்தில் என் பொட்டை வைக்க வேண்டும். இரண்டு பொட்டும் விழுந்த பிறகு சாந்தாமணி அக்கா சின்னப் பெட்டிக்கு மூடி போட்டு, நாலு திருகு முடுக்கி, மோட்டாரை அட்டைப் பெட்டிக்குள் இறக்குவார்.

எங்களுக்கு மேலே தேவசேனா மேடம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவரிடம் மரியாதை ஏறும். "என்னப்பா" என்றால் எல்லாம் நலம். "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க" என்று மூன்று தடவை 'ங்க' வந்துவிட்டால் வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க ஆரம்பிக்கலாம். 'அடிக்கடி', 'எப்பவுமே', 'சில சமயம்' என்ற சொற்கள் அவர் காதில் நுழையாது. "ஒயரு அடிக்கடி லூசா வருதுங்க மேடம்" என்று ஒருமுறை சொன்னேன். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "எத்தனையில எத்தனை?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மூடியை மறுபடி போட்டுவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வந்த புதிதில் அவர் எங்களுக்கு ஒரு சோதனை வைத்தார். இருநூறு மோட்டாரில் இருபதை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு, அண்ணனைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்தார். மறுநாள் என்னை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டைக் கோட்டைவிட்டோம். நான் லைன் முழுக்க, "அண்ணனும் நானும் சமம்" என்று சொல்லித் திரிந்தேன். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.

மேடம் போர்டில் எழுதினார். "பத்துல ஒண்ண இவரு விடறாரு. இவரு விட்டது பத்து இருந்தா, அதுல ஒண்ணத்தான் அவரு விடுவாரு. அப்போ லூசா வர்றது நூறு இருந்தா, ரெண்டு பேரையும் தாண்டிப் போறது ஒண்ணு." முதலாளிக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த 'நூறில் ஒன்று' சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் தொங்கியது.

எனக்குத்தான் தூக்கம் போனது. ஏன் பெருக்குகிறார்கள்? கூட்டினால் என்ன? இரண்டு புளியங்கொட்டையை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரை சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் உருட்டிப் போட்டு, இரண்டும் வெள்ளையாக விழுந்தால் ஒரு கோடு. நாலு நாளில் நூறு முறை போட்டேன். இருபத்தேழு கோடு. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. யோசித்தால் புரிந்தது. முதல் கொட்டை பாதித் தடவை வெள்ளை விழும். அந்தப் பாதியிலும் பாதித் தடவைதான் இரண்டாவது வெள்ளை விழும், ஏனென்றால் முதல் கொட்டை எப்படி விழுந்தது என்று இரண்டாவதற்குத் தெரியாது. பாதியில் பாதி கால். இதைப் பள்ளிக்கூடத்தில் புளியங்கொட்டையோடு சொல்லியிருந்தால் ஒரு தடவையிலேயே தேறியிருப்பேன்.

புரிந்ததை வைத்து நல்லது செய்கிற வழக்கம் எனக்கில்லை. கம்பி சுற்றும் வைண்டிங் பக்கத்தில் இருந்து முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, இரண்டு கொட்டையையும் வெள்ளைப் பக்கம் ஒன்றாக இருக்கும்படி பக்கம் பக்கமாகக் கட்டிவிட்டு, சாந்தாமணி அக்காவிடம் போனேன்.

"அக்கா, நாலு தடவைல ஒரு தடவைதான் ரெண்டும் வெள்ள விழும். எனக்கு விழுந்தா ஒரு கடலை மிட்டாய் நீங்க குடுங்க. விழுகாட்டி நான் ஒண்ணு தாரேன். எனக்குத்தான் நட்டம், தெரியும்ல?"

"நீ நட்டத்துக்கு வெளையாடற ஆளாடா? போடு, பாக்கலாம்."

ஆறு தடவை போட்டேன். நாலு தடவை வெள்ளை. ஏழாவது தடவை போடக் கை ஓங்கியபோது அவர் கொட்டையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏன்டா எடுபட்டவனே, கம்பி போட்டுக் கட்டிக்கிட்டு ரெண்டுங்கறே? கட்டிப்போட்டா இது ஒரு கொட்டடா. மிட்டாயக் கீழ வெய்யி."

கீழே வைத்தேன். மூன்றுதான் இருந்தது. ஒன்று ஏற்கெனவே வயிற்றில் இருந்தது. கட்டிய கொட்டை மட்டும் என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவிநாசிப் பக்கம் ஒரு விவசாயியை எங்கள் பம்பு தூக்கி எறிந்தது. அவர் கை வைத்த இடத்தில் ஷாக். நல்லவேளை, ஈரமில்லாத படியில் போய் விழுந்ததால் பிழைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் எர்த் ஒயர் கையோடு வந்தது. ஸ்க்ரூ மேல் இரண்டு மஞ்சள் பொட்டு. உடனே அந்த மூன்று மாதச் சரக்கு முழுவதையும், டீலர்களிடமும் வாங்கியவர்கள் வீட்டிலும் போய்த் திறந்து பார்த்தார்கள். இன்னும் ஐந்து கிடைத்தது. ஆக மொத்தம் ஆறு. ஆறிலும் இரண்டிரண்டு பொட்டு.

சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், சுவரில் தொங்கிய சட்டத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அந்த மூன்று மாதத்தில் செக்கிங்கில் பிடித்துத் திருப்பி அனுப்பிய லூஸ் ஒயர் ஐம்பத்து நாலு. தப்பிப் போனது ஆறு. மொத்தம் அறுபது. நூறில் ஒன்று தப்பலாம் என்றால், அறுபதில் ஒன்று கூட முழுசாகத் தப்பக் கூடாது. ஆறு தப்பியிருக்கிறது. அப்படியானால் அவை செக்கிங்கில் தப்பவில்லை, செக்கிங்குக்குப் பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிறகு கை வைக்கிற ஒரே ஆள் சாந்தாமணி அக்கா. அதற்கு முந்தின மாதம்தான் சாப்பாட்டு நேரத்தை நாற்பது நிமிடத்தில் இருந்து முப்பதாகக் குறைத்ததற்கு அவர் எழுந்து நின்று கேள்வி கேட்டிருந்தார். சின்ன முதலாளிக்கு இரண்டும் இரண்டும் நாலு என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை நாலு மணிக்கு விசாரணை. வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் தயாராக இருந்தது. போலீசிலும் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. ஒயரைக் கழற்றிவிட்டவர் என்ற பெயரோடு போனால் கணபதியிலும் பீளமேட்டிலும் எந்தக் கம்பெனிக் கதவும் அவருக்குத் திறக்காது.

வெள்ளிக்கிழமை செக்கிங் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறு எப்படி வரும் என்று பார்க்கிற ஆசைதான், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. அதில் இரண்டு பத்தி. முதல் ஆள் பிடித்தது, இரண்டாம் ஆள் பிடித்தது. அண்ணன் பத்தியில் ஐம்பத்து நாலும் இருந்தது. என் பத்தி வெள்ளை வெளேரென்று இருந்தது. இதைக் காட்டித்தான் எல்லோரும், "பழனிசாமி பாத்தா அடுத்த ஆளுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால் அண்ணன் பத்தில் ஒன்றை விடுவார் என்று மேடமே அளந்திருக்கிறார். அறுபதில் ஆறை விட்டிருப்பார். அந்த ஆறில் ஐந்தையாவது நான் பிடித்திருக்க வேண்டும். என் பத்தியில் ஐந்து எங்கே? தப்பிய ஆறு சரியாக ஒரே ஆள் பார்த்தால் தப்புகிற அளவு.

எங்கே என்று எனக்குத் தெரியும். மேஜைக்கு வந்த நாளில் இருந்து, மேடம் வைத்த சோதனையைத் தவிர, நான் ஒரு ஒயரையும் இழுத்ததில்லை. சோம்பல் என்று நினைக்காதீர்கள், சோம்பலும் கொஞ்சம் உண்டு. ஆனால் அண்ணன் கண்ணை மூடி இழுத்து, பொட்டு வைத்து, என் பக்கம் நகர்த்துகிறார். அரை முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண் முன்னாலேயே நான் அதே ஒயரைப் பிடித்து இழுத்தால் என்ன அர்த்தம்? பந்தியில் பெரியவர் ஒருவர் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, பக்கத்து இலைக்காரர் உப்பில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நானும் முதல் நாளில் இருந்து உப்புச் சரி என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். ஊரையே கேலி செய்கிற வாய். அந்த ஒயர் விஷயத்தில் மட்டும் மரியாதை.

இதைச் சொன்னால் என் வேலை போகும். அது கூடப் பரவாயில்லை. அந்த ஆறும் அண்ணன் விட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாக ஆகும்.

சனிக்கிழமை ஆபீசில் சின்ன முதலாளி, மேடம், அண்ணன், நான். எதிரே சாந்தாமணி அக்கா, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"அம்மணி, கணக்கு பொய் சொல்லாதுங்க" என்றார் சின்ன முதலாளி. "ரெண்டு பேரு பாத்து அனுப்பியிருக்காங்க. பொறவு தொட்டது நீங்க ஒருத்தருதானுங்க."

"தொட்டனுங்க. மூடி போடத்தானுங்க தொட்டேன். ஒயரக் கழட்டி எனக்கென்னங்க வரப்போவுது? இதே பம்புதானுங்க என்ற ஊட்லயும் ஓடுது. என்ற புள்ள தெனமும் அதுல கை வெக்கறா."

"அப்போ ஆறு எப்படிங்க போச்சு?"

"அத உங்க கணக்கத்தானுங்க கேக்கோணும்."

சின்ன முதலாளி கடிதத்தை எடுத்தார். நான், "ஏனுங்க, ஒண்ணு சொல்லலாங்களா?" என்றேன்.

"உன்ற வெளையாட்டெல்லாம் வெளிய வெச்சுக்கோ."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். "இருங்க. நீங்க சொல்லுங்க. எத்தனையில எத்தனை?"

மூன்று 'ங்க'.

"ஆறுல பூஜ்யமுங்க மேடம். நான் ஒண்ணக்கூட இழுத்துப் பாக்கலைங்க."

"ஏனுங்க?"

"அண்ணன் பொட்டு வெச்சுப்போட்டாருங்க. அதுக்கு மேல நான் எப்படீங்க இழுக்கறது? அவரு பக்கத்துலயே உக்காந்திருக்காருங்களே."

அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையில் இருந்த கொட்டையை எடுத்து மேஜையில் போட்டேன். "இது எத்தன கொட்டைங்க?"

"ரெண்டு" என்றார் சின்ன முதலாளி, எரிச்சலாக.

"ஒண்ணுங்க" என்றார் சாந்தாமணி அக்கா. தன் வேலை போகிற நேரத்திலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "கம்பி போட்டுக் கட்டிப்போட்டா ஒண்ணுதானுங்க. இவன் என்னயே ஏமாத்தப் பாத்தானுங்க."

"அவ்வளவுதானுங்க" என்றேன். "பொட்டு ரெண்டு இருந்துச்சுங்க. பாத்த ஆளு ஒண்ணுதானுங்க. நீங்க ரெண்டுன்னு நெனச்சுப் பெருக்கிப்போட்டீங்க."

மேடம் நோட்டை வரவழைத்து, என் காலிப் பத்தியை விரலால் மேலிருந்து கீழே தடவினார். "இதுக்கு வாராவாரம் கையெழுத்துப் போட்டது நானு" என்றார். யாரிடமும் இல்லை, நோட்டிடம்.

ஆனால் என் வாய்ப்பேச்சை மட்டும் நம்புகிற ஆள் இல்லை அவர். நேராக, வேறு ரகப் பம்பு ஓடும் இரண்டாவது லைனுக்குப் போனார்; அங்கேயும் எங்களைப் போல இரண்டு பேர் செக்கிங். பத்து மோட்டாரின் ஒயரைத் தன் கையாலேயே தளர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொட்டு வைத்து, அங்கே இரண்டாவது ஆளாக இருந்தவரிடம் நகர்த்தச் செய்தார். பத்தும் இரண்டாவது பொட்டோடு வெளியே வந்தது. பிறகு வேறு பத்தைத் தளர்த்தி, பொட்டில்லாமல் அதே ஆளிடம், "இதுக்கு நீங்கதான் மொத ஆளு" என்று அனுப்பினார். ஒன்பதைப் பிடித்துவிட்டார். அந்த மனிதரும் சோம்பேறி இல்லை. மரியாதைக்காரர்.

சின்ன முதலாளி கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அம்மணி, நீங்க லைனுக்குப் போங்க" என்றார்.

அக்கா நகரவில்லை. "போறனுங்க. சாப்பாட்டு நேரம் நாப்பது நிமிசமுங்களா, முப்பதுங்களா?"

"நாப்பது" என்றார் சின்ன முதலாளி.

எனக்கு ஒரு வாரம் சஸ்பெண்ட். அண்ணனுக்கு ஒன்றுமில்லை, அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார்.

"ஏன்டா கண்ணு, இழுத்துப் பாத்திருந்தா நான் கோவிச்சிருப்பனா?"

அவர் பூட்டைத் திறந்தார், மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தார்.

"கோவிச்சுத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

திரும்பி வந்தபோது மேடம் எங்கள் இடத்தை மாற்றியிருந்தார். நான் முதல் ஆள், அண்ணன் இரண்டாவது ஆள். நடுவே ஒரு தகரத் தடுப்பு. பொட்டும் உடனே கிடையாது, இரண்டு பேரும் பார்த்து முடித்த பிறகுதான் வைக்க வேண்டும். நான் பார்த்ததை மறுபடி இழுத்துப் பார்க்க அண்ணனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஒவ்வொன்றையும் எனக்குப் பல் பிடுங்குவது போல இழுத்தார். நான் விட்ட ஒன்று கிடைத்துவிட்டால் லைன் முழுக்கக் கேட்கும்படி, "யாரோ சமம்னாங்களே, எங்கடா அந்த ஆளு?" என்பார். காலியாக இருந்த பத்தி மெல்ல நிறைந்தது.

இப்போது உங்களிடம் முடுக்கும்போதே அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று, கேமரா ஒன்று. ஆளுக்கு ஆயிரத்தில் ஒன்றுதான் விடும், ஆக பத்து லட்சத்தில் ஒன்று என்று எழுதித் தொங்கவிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். கருவி சரி என்று சொன்னது கேமராவுக்குத் தெரியுமா? தெரிந்தால் அது தலையாட்டுகிறதா? மிஷினுக்கு மரியாதை தெரியாது என்று சொல்லாதீர்கள். அதற்குப் புரோகிராம் எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் அண்ணன் அன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற எங்கள் கம்பெனிப் பம்பையே வாங்கியிருந்தார். எர்த் ஒயரைத் தானே முடுக்கியிருந்தார். பழக்க தோஷம், மேலே ஒரு மஞ்சள் பொட்டு வேறு.

"பாருடா" என்றார்.

நான் குனிந்தேன். விரல் ஒயருக்கு அருகில் போய் நின்றுவிட்டது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தென்னை மரத்தின் பக்கம் முழுசாகத் திரும்பி நின்றார்.

"இப்ப இழு. நான் பாக்கல."

இழுத்தேன். இடது பக்கம் திருப்பினேன். ஒயர் கேட்ட பக்கம் வந்தது.

"எத்தனையில எத்தனடா?" என்றார், திரும்பாமலே.

"ஒண்ணுல ஒண்ணு லூசுங்கண்ணா."

தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார்.